வங்கி மெயிலில் இருக்கும் பட்டனைத் தொடாதீர்கள்

"இது நெஜமான பேங்க் மெயிலா, டூப்பா? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்." ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு இந்தக் கேள்வி என் வாட்ஸ்அப்புக்கு அடிக்கடி வரும். அலுவலகத்தில் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதனால் சொந்தக்காரர்கள், பள்ளித் தோழிகள், அபார்ட்மென்ட்காரர்கள் என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுவார்கள். தட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று கேட்கிறார்களே, அதுவே பெரிய விஷயம். யாரையும் நான் சலித்துக்கொண்டதில்லை.

ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்து என்னாலும் எதையும் சொல்ல முடியாது. அதில் தெரிவது லோகோ, வங்கியின் நிறம், மரியாதையான வாசகம், அடியில் பதிவு அலுவலக முகவரி. இவை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். வங்கி அனுப்பிய அசல் மெயில் ஒன்றை எடுத்து, அதிலுள்ள ஒரே ஒரு லிங்க்கை மாற்றினால் போலி மெயில் தயார். மற்றதெல்லாம் வங்கி எழுதியது எழுதியபடியே இருக்கும். அதனால்தான் "பார்த்தால் அசல் மாதிரியே இருக்கு" என்ற வாக்கியத்துக்கு இந்த விஷயத்தில் அர்த்தமே கிடையாது.

இந்தப் பதிவில் போலிகளைக் கண்டுபிடிக்கும் வழிகளைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன், இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. ஒரு மெயில் உண்மையா பொய்யா என்று உறுதியாகக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மெயில் காட்டும் வழியில் போகாமல், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழியில் வங்கிக்குப் போனால் போதும். மெயில் அசலாக இருந்தால் அந்தச் செய்தி வங்கியின் செயலியிலோ கிளையிலோ இருக்கும். போலியாக இருந்தால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது ஒன்றை வழக்கமாக்கிக்கொண்டால், கீழே வரும் நுணுக்கங்களில் பாதி மறந்துபோனாலும் பரவாயில்லை.

அனுப்புநர் பெயர் ஏன் சாட்சியாகாது?

இன்று நாம் பயன்படுத்தும் மெயிலின் அடிப்படை விதிமுறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982-ல் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டார். அன்றைய வலைப்பின்னலில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்காரர்களும் ஆராய்ச்சியாளர்களும். அனுப்புகிறவர் சொல்லும் பெயர் உண்மைதானா என்று சோதிக்கும் ஏற்பாடு அந்த விதிமுறையில் வைக்கப்படவில்லை. தபால் கவரில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார் அல்லவா, மெயிலும் அப்படித்தான் தொடங்கியது.

பிற்பாடு மூன்று பூட்டுகள் போட்டார்கள். முதலாவது எஸ்பிஎஃப். எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி என்று வங்கி பகிரங்கமாக வெளியிடும் பட்டியல் அது. இரண்டாவது டிகேஐஎம், மெயிலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம். மூன்றாவது, 2012-ல் வெளியான டிமார்க். முதல் இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும், தேறியது அனுப்புநர் முகவரியோடு பொருந்தவும் வேண்டும், இல்லாவிட்டால் அந்த மெயிலை என்ன செய்யலாம் என்று டொமைனின் சொந்தக்காரர் சொல்லும் கட்டளைதான் டிமார்க். மொத்தமாக மெயில் அனுப்புகிற எல்லோரும் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கின. இதனால் வங்கியின் சரியான முகவரியையே போட்டு ஏமாற்றுவது முன்பைவிடக் கஷ்டமாகிவிட்டது.

மோசடிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? புதிதாக ஒரு டொமைனை விலைக்கு வாங்கி, அதற்கு இந்த மூன்று பூட்டுகளையும் முறையாகப் போட்டுக்கொள்கிறார்கள். எல்லாச் சோதனையும் தேறிவிடும். ஏனென்றால் இந்தச் சோதனைகள் "இந்த மெயில் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது" என்று மட்டுமே சொல்கின்றன. அந்த டொமைன் யாருடையது, நல்லவருடையதா கெட்டவருடையதா என்பது அவற்றின் வேலை இல்லை. அதன்மேல் பெயர் என்ற இடத்தில் வங்கியின் பெயரைத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். கைபேசியில் மெயிலைத் திறக்கும்போது நம் கண்ணுக்குப் படுவது அந்தப் பெயர்தான். முகவரி உள்ளே ஒளிந்திருக்கும்.

தூத்துக்குடிக் கணக்கு, 2007

இந்த மோசடி நேற்று முளைத்ததில்லை. இந்தியாவில் வங்கி ஃபிஷிங் (போலி மெயில் அனுப்பி ரகசிய விவரங்களைக் கறப்பது) தொடர்பாக வந்த ஆரம்பகாலத் தீர்ப்புகளில் முக்கியமான ஒன்று தமிழ்நாட்டில்தான் வழங்கப்பட்டது.

அபுதாபியில் வேலை பார்த்த ஒருவர், பெரிய தனியார் வங்கி ஒன்றின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்தார். 2007 செப்டம்பரில் வங்கி பெயரில் ஒரு மெயில் வந்தது. விவரங்களைப் புதுப்பிக்கச் சொன்னது. வங்கியிடமிருந்து வழக்கமாக வரும் மெயில்களைப் போலவே இருந்ததால் அவரும் விவரங்களைக் கொடுத்தார். அவர் கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் போய்விட்டது. அந்தப் பணம் அதே வங்கியில் இருந்த ஒரு நிறுவனத்தின் கணக்குக்குப் போய், பெரும்பகுதி மும்பையில் ரொக்கமாக எடுக்கப்பட்டது.

வாடிக்கையாளர் தானே பாஸ்வேர்டைக் கொடுத்தார், அது அவருடைய கவனக்குறைவு என்பது வங்கியின் வாதம். அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் கீழ் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளருக்கு இப்படிப்பட்ட வழக்குகளைத் தீர்த்துவைக்கும் அதிகாரம் உண்டு. அவரிடம் முறையிட்டார். 2010 ஏப்ரலில், அப்போதைய செயலாளர் பி.டபிள்யூ.சி. டேவிதார், வங்கி போதிய முன்னெச்சரிக்கை எடுத்ததாக நிரூபிக்கவில்லை என்று முடிவுசெய்து, 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார்.

இந்த வழக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற, இணைய வங்கியைப் பழகியிருந்த ஒருவர் ஏமாற்றப்பட்டார். ஏமாந்தவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே போதும். அவசரத்தில் இருப்பவர், களைத்திருப்பவர், வழக்கமான ஒரு வேலையை முடித்துவிட நினைப்பவர் யாரும் தட்டிவிடலாம். மெயில் எழுதுகிறவன் நம்பியிருப்பது அந்த ஒரு நிமிடத்தைத்தான்.

சித்தப்பாவுக்கு வந்த மெயில்

ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா கைபேசியை நீட்டினார். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். பென்ஷன் வருகிற வங்கியின் பெயரில் சுத்தமான தமிழில் ஒரு மெயில். கேஒய்சி விவரங்கள் காலாவதியாகிவிட்டன, இன்று இரவு 11:59-க்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும், ஓய்வூதிய வரவும் நிறுத்திவைக்கப்படும் என்று இருந்தது. அதன் கீழே நீல நிறத்தில் "இப்போதே புதுப்பிக்க" என்று ஒரு பட்டன்.

"ஏம்மா, ஒரு எழுத்துப்பிழைகூட இல்லியே. பேங்க் பேரு, லோகோ எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"பேரு மட்டும்தான் தெரியுது சித்தப்பா. அதுக்குக் கீழ 'எனக்கு'ன்னு சின்ன எழுத்துல இருக்கு பாருங்க, அதத் தொடுங்க."

தொட்டார். முழு முகவரி விரிந்தது. பெயர் வங்கியுடையது. முகவரியில் @ குறிக்கு அப்புறம் இருந்ததோ எந்த வங்கிக்கும் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு வெளிநாட்டு மரச்சாமான் கடை. அந்தக் கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. பாதுகாப்பில்லாத சிறு நிறுவனங்களின் மெயில் கணக்கைக் கைப்பற்றி அதிலிருந்து அனுப்புவது இவர்களின் பழைய வழி. அதே இடத்தில் பாதுகாப்பு விவரங்கள் என்பதைத் திறந்தால், மெயிலில் கையொப்பமிட்ட டொமைன் எது என்றும் தெரியும். அங்கேயும் மரச்சாமான் கடைதான்.

"இப்ப அந்த நீலப் பட்டன அழுத்திப் புடிங்க. தட்டிடாதீங்க, வெரல எடுக்காம அப்படியே புடிங்க."

ஆண்ட்ராய்டு கைபேசியில் இப்படிச் செய்தால் லிங்க் எங்கே போகிறது என்று மேலே காட்டும். கணினியில் என்றால் மவுஸை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினாலே போதும், திரையின் அடியில் தெரியும். சித்தப்பாவின் லிங்க் வங்கியின் பெயரில்தான் தொடங்கியது. அவர் முகத்தில், பார்த்தாயா என்பதுபோல ஒரு நிம்மதி.

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இணைய முகவரியை இடமிருந்து படிக்கக்கூடாது. எச்டிடிபிஎஸ், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு. இதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே என்று பாருங்கள். அந்தச் சாய்கோட்டில் நின்றுகொண்டு பின்னோக்கி, வலமிருந்து இடமாகப் படியுங்கள். பொதுவாகக் கடைசிப் புள்ளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கும் துண்டுகள்தான் தளத்தின் சொந்தக்காரர் யார் என்று சொல்லும். 'டாட் கோ டாட் இன்' போன்ற இரட்டை முடிவு இருந்தால் மட்டும் இடப்பக்கம் இன்னும் ஒரு துண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அதற்கு இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சித்தப்பாவின் லிங்க்கில் வங்கியின் பெயர், கேஒய்சி, செக்யூர் என்று வரிசையாக வந்து, சாய்கோட்டுக்கு முன்னால் அர்த்தமில்லாத எழுத்துக்கோவை ஒன்றும் 'டாட் டாப்' என்பதும் இருந்தன. அந்தத் தளத்தின் பெயர் அதுதான்.

சித்தப்பா உடனே ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "சரி, நெஜமாவே கேஒய்சி முடிஞ்சிருந்தா? பென்ஷன் நின்னு போச்சுன்னா?"

பயம் இருக்கத்தான் செய்யும். அதனால் விதியைத் தெரிந்துகொள்வது நல்லது. கேஒய்சியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்பது உண்மை. வாடிக்கையாளரின் தன்மையைப் பொறுத்து 2 ஆண்டு, 8 ஆண்டு, 10 ஆண்டு என்று ரிசர்வ் வங்கி இடைவெளி வகுத்திருக்கிறது. விவரங்களில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் ஒரு சுய உறுதிமொழி போதும். அதைக் கிளையில் கொடுக்கலாம், செயலியிலோ இணைய வங்கியிலோ கொடுக்கலாம், பதிவுசெய்த மெயிலிலிருந்தும் அனுப்பலாம். இத்தனை வழிகள் இருக்கும்போது, ராத்திரிக்குள் ஒரு நீலப் பட்டனைத் தட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை யாருக்கும் வராது. சித்தப்பா தன் கைபேசியிலிருந்த வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தார். அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. மெயிலை ஃபிஷிங் என்று ஜிமெயிலில் புகார் செய்துவிட்டு அழித்தோம்.

'பேங்க் டாட் இன்' என்ற புது அடையாளம்

இந்திய வங்கிகளுக்கென்றே தனி டொமைன் வரும் என்று 2025 பிப்ரவரி 7 அன்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா அறிவித்தார். வங்கிகளின் தளங்கள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும், 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் மாறிவிட வேண்டும் என்பது உத்தரவு. ஸ்டேட் வங்கி 'எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்' என்றும், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 'ஐஓபி டாட் பேங்க் டாட் இன்' என்றும் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதில் என்ன விசேஷம்? சாதாரண டொமைனை யாரும் சில நூறு ரூபாய்க்குச் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம். இதை வாங்க முடியாது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற நிறுவனம்தான் இதைப் பதிவுசெய்து கொடுக்கும் ஒரே இடம். ரிசர்வ் வங்கி தொடங்கிய நிறுவனம் அது. வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கும்.

ஆகவே நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விதி எளிமையாகிவிட்டது. ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும். முடிய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நடுவில் வந்தால் செல்லாது. 'பேங்க் டாட் இன்' என்று எழுதிவிட்டு அதற்குப் பிறகு இன்னொரு புள்ளி வைத்து வேறு பெயர் தொடர்ந்தால் அது வேறு ஆள். புள்ளிக்குப் பதிலாக ஹைஃபன் இருந்தாலும் வேறு ஆள்.

மெயில் அனுப்பும் முகவரி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பழைய டொமைனிலிருந்து வங்கி மெயில் வந்தாலே போலி என்று முடிவுகட்டிவிட முடியாது. விளம்பர மெயில்களை வெளி நிறுவனங்கள் மூலம் அனுப்பும் வங்கிகளும் உண்டு. அப்போது அசல் மெயிலின் லிங்க்குகூட வேறு பெயரில் தொடங்கும். இந்தக் குழப்பத்துக்குள் போகாமல் தப்பிக்கத்தான் முதலிலேயே சொன்னேன். லிங்க் நல்லதா கெட்டதா என்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம், செயலியைத் திறங்கள்.

போலிப் பக்கத்துக்குப் பின்னால் நடப்பது

"ஓடிபி இல்லாம பணம் எடுக்க முடியாதுல்ல, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பட்டனைத் தட்டினால் என்ன நடக்கும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

வங்கியின் லாகின் பக்கம் அச்சு அசலாகத் திறக்கும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கிறீர்கள். "சரிபார்க்கப்படுகிறது, காத்திருக்கவும்" என்று ஒரு வட்டம் சுற்றும். அந்தச் சில நொடிகளில் நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்து மோசடிக்காரன் வங்கியின் நிஜமான தளத்தில் நுழைகிறான். நிஜமான வங்கி, உங்கள் கைபேசிக்கு நிஜமான ஓடிபி அனுப்புகிறது. இங்கே வட்டம் நின்று, "ஓடிபியை உள்ளிடவும்" என்று பெட்டி வருகிறது. குறுஞ்செய்தி வங்கியிடமிருந்தே வந்திருப்பதால் இருந்த சந்தேகமும் தீர்ந்துவிடுகிறது. உள்ளிடுகிறீர்கள். அது அவன் கைக்குப் போகிறது. "தவறான ஓடிபி, மீண்டும் முயலவும்" என்று வரும். இரண்டாவது ஓடிபி எதற்கென்றால், அவன் புதிதாகச் சேர்க்கும் பயனாளியின் கணக்குக்கு. அல்லது நேரடியாகப் பணம் அனுப்புவதற்கு.

இந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றக்கூடியது அந்தக் குறுஞ்செய்தியின் வாசகம். ஓடிபி எதற்காக என்று அதிலேயே எழுதியிருக்கும். புதிய பயனாளியைச் சேர்க்க என்று இருக்கும், இத்தனை ரூபாய் செலுத்த என்று இருக்கும். நம் கண் ஆறு இலக்கத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதைப் படிப்பதில்லை. கேஒய்சி புதுப்பிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது குறுஞ்செய்தி பயனாளியைப் பற்றிப் பேசினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். எண்ணைப் பார்ப்பதற்கு முன் வாக்கியத்தைப் படிக்கும் பழக்கம் ஒன்று போதும்.

இன்னொரு நல்ல காவலாளி, பாஸ்வேர்டு மேனேஜர். கைபேசியிலோ பிரவுசரிலோ வங்கியின் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தால், அது அசல் டொமைனில் மட்டுமே தானாக நிரப்பும். நம் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். அந்த மென்பொருள் முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. சிறிய 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் பெரிய 'ஐ' இருந்தாலும், 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்' 'என்' இரண்டையும் ஒட்டிவைத்திருந்தாலும் அது ஏமாறாது. வழக்கமாக நிரம்பும் பெட்டி இன்று காலியாக இருந்தால், நீங்களே தட்டச்சு செய்யத் தொடங்காமல் ஏன் என்று யோசியுங்கள்.

காலாவதியான அடையாளங்கள்

பல வருடங்களாக நாம் சொல்லிக்கொண்டிருந்த சில அறிவுரைகளைக் கைவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எழுத்துப்பிழை முதலாவது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபிறகு எந்த மொழியிலும் பிழையில்லாமல் எழுதிவிடலாம். பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள். பிழை இல்லை என்பதற்காக நம்பாதீர்கள்.

பூட்டுப் படம் இரண்டாவது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லிக்கொடுத்தோம். நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டின் பொருள். எதிரில் இருப்பது யார் என்று அது சொல்லாது. அதற்கான சான்றிதழை இலவசமாகவே வாங்கலாம், மோசடித் தளங்களும் வாங்குகின்றன. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் குரோம் பிரவுசர் 2023-ல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

நம் பெயரும் கணக்கின் கடைசி நான்கு இலக்கமும் மூன்றாவது. எங்கெங்கோ நாம் கொடுத்து, எங்கெங்கோ கசிந்த தகவல்கள் அவை. அவற்றைச் சரியாகச் சொன்னதாலேயே அனுப்பியவர் வங்கி ஆகிவிட மாட்டார்.

மாறாமல் இருப்பது ஒன்றுதான். மெயில் உங்களை என்ன செய்யச் சொல்கிறது? பாஸ்வேர்டு, பின், ஓடிபி, சிவிவி இவற்றில் எதையாவது கேட்கிறதா? நேரக்கெடு வைத்து மிரட்டுகிறதா? ரிவார்டு பாயின்ட் இன்று முடிகிறது, வரிப்பணம் திரும்ப வருகிறது என்று ஆசைகாட்டுகிறதா? வேடம் எதுவானாலும், கடைசியில் வந்து நிற்கிற இடம் உங்கள் ரகசிய விவரம்தான்.

இணைப்புகளும் க்யூஆர் சதுரமும்

லிங்க்கைப் பார்த்து மக்கள் உஷாராகிவிட்டதால் சிலர் கோப்பாக அனுப்புகிறார்கள். ஸ்டேட்மென்ட் என்ற பெயரில் எச்டிஎம்எல் கோப்பு வரும். தொட்டால் உங்கள் கைபேசிக்குள்ளேயே ஒரு லாகின் பக்கம் திறக்கும். வங்கி ஸ்டேட்மென்ட் பொதுவாக பிடிஎஃப் கோப்பாகத்தான் வரும். பிறந்த தேதியும் பெயரின் சில எழுத்துகளும் சேர்ந்ததுபோல, நீங்கள் முன்பே அறிந்த ஒரு பாஸ்வேர்டில் திறக்கும். அதைத் திறப்பதற்கு இணைய வங்கியின் பாஸ்வேர்டைக் கேட்டால் அது வங்கி அனுப்பியது அல்ல.

பிடிஎஃப்-க்குள் க்யூஆர் படம் வைத்து ஸ்கேன் செய்யச் சொல்வது இன்னொரு வழி. க்யூஆர் என்பதும் லிங்க்தான். கண்ணால் படிக்க முடியாத லிங்க் என்பதால் இன்னும் ஆபத்தானது. ஏபிகே கோப்பு வந்தால் எந்த வங்கி பெயரில் வந்தாலும் நிறுவாதீர்கள். உங்கள் குறுஞ்செய்திகளையே அது அவர்களுக்கு அனுப்பிவைக்கும். வங்கிச் செயலியை பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ மட்டும் எடுங்கள்.

சந்தேகம் தீர்த்துக்கொள்ள வங்கியை அழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெயிலில் இருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். கூகுளில் தேடி வரும் எண்ணும் வேண்டாம், போலி வாடிக்கையாளர் சேவை எண்களை அங்கே விதைத்து வைத்திருக்கிறார்கள். கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கிற எண், பாஸ்புக்கில் இருக்கிற எண், இந்த இரண்டும் நிச்சயம்.

கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

லிங்க்கைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கொடுக்காமல் மூடியிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. விவரங்களைக் கொடுத்துவிட்டீர்களா? அடுத்த சில நிமிடங்கள் விலைமதிப்பற்றவை.

முதலில் வங்கியை அழைத்து இணைய வங்கி, கார்டு, யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. நாடு முழுவதற்குமான இணைய நிதி மோசடி உதவி எண் இது. தொகை, நேரம், பரிவர்த்தனையின் யுடிஆர் எண், உங்கள் வங்கி விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் ஒரு கணக்கில் நிற்காது. ஐஎம்பிஎஸ், யுபிஐ எல்லாம் இரவு பகல், ஞாயிறு திங்கள் பார்க்காமல் ஓடுகின்றன, வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியே கைமாறிக்கொண்டே போகும். எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே தடுத்து நிறுத்துவதுதான் 1930-ன் வேலை. அதன்பிறகு 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் முறைப்படி புகாரைப் பதிவுசெய்யுங்கள். மெயிலை அழிக்க வேண்டாம், அது சாட்சியம். மெயில் பாஸ்வேர்டும் போயிருக்கலாம் என்று தோன்றினால் அதையும் மாற்றி, வங்கி எச்சரிக்கைகளை உங்கள் கண்ணில் படாமல் ஒதுக்கும் ஃபில்டரோ ஃபார்வர்டோ சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள்.

சீக்கிரம் சொல்வது சட்டப்படியும் உங்களுக்குச் சாதகம். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வகுத்த விதி இது. வங்கியின் குறைபாட்டால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்தால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் முழுப் பாதுகாப்பு. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். விவரங்களை நீங்களே கொடுத்துவிட்ட நிலையிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதுதான் உங்கள் நஷ்டம், தெரிவித்தபிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமையும் வங்கியுடையதே. புகாருக்கு எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

வீட்டில் பேச வேண்டியது

விதிகள் இத்தனை இருந்தும் பணம் திரும்பாமல் போவதற்கு நான் அருகிலிருந்து பார்த்த காரணம் ஒன்று உண்டு, வெட்கம். பிள்ளைகள் திட்டுவார்கள், வீட்டுக்காரர் கேட்பார், ஆபீஸில் சிரிப்பார்கள் என்று நினைத்து ஒரு ராத்திரி முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அந்த ராத்திரிதான் மோசடிக்காரனுக்கு வேண்டியது. "இவ்வளவு படிச்சும் இப்படியா?" என்று நாம் எப்போதோ யாரைப் பற்றியோ சொன்னதை அவர்கள் கேட்டிருப்பார்கள். அந்த ஒரு வாக்கியம் அவர்களைப் பேசவிடாமல் செய்துவிடும்.

அதனால் அம்மா அப்பாவுக்கு, மாமனார் மாமியாருக்கு, முதல் சம்பளம் வாங்கும் தம்பி தங்கைக்கு இந்த நுணுக்கங்களைச் சொல்லும்போது கூடவே இதையும் சொல்லுங்கள்: "தப்பித்தவறி தட்டிட்டா மொதல்ல எனக்கு போன் பண்ணுங்க, எந்த நேரமானாலும் சரி. ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்." சொன்னபடி திட்டாமலும் இருங்கள். அவர்கள் கைபேசியை வாங்கி, கார்டின் பின்பக்கம் உள்ள வங்கி எண்ணையும் 1930-ஐயும் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள். வங்கிச் செயலியின் படத்தை முதல் திரையிலேயே வையுங்கள், மெயில் வந்தால் அதைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். பத்து நிமிட வேலை. இந்தப் பதிவைப் படித்து முடித்ததும் முதல் போனை அவர்களுக்குப் போடுங்கள்.